நடுவே நிற்கும் பிள்ளை: சிறுவர் சித்திரத் தொடர்களில் தன்பாலீர்ப்பு மாந்தர்

1999-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அமெரிக்க நாட்டின் வர்ஜீனியா மாநிலத்துக் கிறிஸ்தவ இதழ் ஒன்று பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. பாப்திஸ்து போதகரும் தொலைக்காட்சி அருளுரையாளருமான ஜெர்ரி ஃபால்வெல் நடத்திவந்த இதழ் அது. மழலை பேசும் பருவத்துக் குழந்தைகளுக்கென்று 1997-இல் பிரிட்டனில் தொடங்கப்பெற்ற ‘டெலிடபீஸ்’ என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வரும் டிங்கி விங்கி என்ற உருவம் தன்பாலீர்ப்பு உடையது என்பதே எச்சரிக்கையின் சாரம். இதற்குக் காட்டப்பட்ட சான்றுகள் மூன்று. அவ்வுருவத்தின் நிறம் ஊதா. தலைமேல் நிற்கும் கம்பியின் வடிவம் முக்கோணம். கையில் ஒரு பை. ஊதா நிறமும் முக்கோணமும் தன்பாலீர்ப்பு உடையோரின் இயக்கத்திற்கு அடையாளங்களாம். பையோ பெண்கள் ஏந்தும் கைப்பையாம். நிகழ்ச்சிக்குப் பொறுப்பானவர்கள் அது மந்திரப் பை என்றும், டிங்கி விங்கி வெறும் குழந்தையே என்றும் எடுத்துக் கூறினர். பலர் சிரித்தனர். சிரிப்பு அடங்கிய பின்னும் நமக்கு ஓர் உறுத்தல் எஞ்சுகிறது. இவ்வாறு வாசித்தவர்கள் திருமறை வாசிப்பைத் தம் வாழ்வின் தொழிலாகக் கொண்டவர்கள், நாமும் அத்தொழிலினரே.

திருமறையை எழுத்தின்படியே கொள்ளவேண்டும் என்று வாதிட்ட ஒரு மரபினர், குழந்தைகளின் விளையாட்டை மட்டும் உருவகமாக வாசித்தது விந்தையே. நல்ல சமாரியன் உவமையில் வரும் விடுதியைத் திருச்சபை என்றும், விடுதிக்காரரைப் பவுல் அடியார் என்றும் பொருள் கண்டவர் அகுஸ்தீன். ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் வேறொரு பொருளைத் தேடும் அவ்வழக்கத்தை லூத்தரும் கால்வினும் கடிந்துரைத்தனர். அவர்கள் வாயில் வழியே வெளியேற்றிய முறை, நானூறு ஆண்டுகளுக்குப் பின் தொலைக்காட்சிப் பெட்டியின் வழியே நம் இல்லத்திற்குள் மீண்டும் நுழைந்துவிட்டது எனலாம். நிறத்தில் பொருள், வடிவத்தில் பொருள், பையில் பொருள், பிள்ளையின் கண்ணுக்குத் தெரிகின்ற பொருளுக்கு மட்டும் அங்கே இடமில்லை.

டிங்கி விங்கி வரைந்த சித்திரம் அன்று, உடையணிந்த நடிகர் என்பதையும் ஈண்டு குறித்தல் வேண்டும். எனினும் சிறுவர்க்கான சித்திரத் தொடர்களைப் பற்றி அமெரிக்கப் புராட்டஸ்டண்டுத் திருச்சபைகளில் எழுந்த நெடிய வழக்குக்கு அதுவே வாயிலாய் அமைந்தது. இன்று நிலைமை வேறு. இல்லாததை இருப்பதாகக் காணவேண்டிய தேவை இப்போது இல்லை. தன்பாலீர்ப்பு மாந்தர் சித்திரத் தொடர்களில் வெளிப்படையாகவே வருகின்றனர். அத்தொடர்களுள் சிலவற்றை இலக்கியத் திறனாய்வாளர் நோக்கும் முறையில் நோக்குவதும், அவற்றைத் திருச்சபை எவ்வாறு நோக்கியது என்று ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். திருமணத்தைப் பற்றிய இறையியல் வினாவை நாம் இங்கே தீர்க்க முற்படவில்லை. அவ்வினாவில் திருச்சபைகள் ஒருமனப்படவில்லை என்பது வாசகர் அறிந்ததே. அதற்கு முன்னரே விடை காணவேண்டிய வினா ஒன்று உண்டு; பிள்ளைகளிடம் நாம் உண்மை பேசுகிறோமா என்பதே அது.

சொல்லைப் பற்றியும் ஒரு சொல். இம்மாந்தரைக் குறிக்க நம் வழக்கில் நெடுங்காலம் இருந்தவை பெரும்பாலும் வசைச் சொற்களே. சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டுதலால் தமிழ்நாடு அரசு 2022-இல் இத்துறைக்கான சொற்றொகுதி ஒன்றை அரசிதழில் வெளியிட்டது. மேடையில் நின்று பேசுவோர் கூசாமல் சொல்லத்தக்க சொற்கள் இப்போது தமிழில் உள்ளன. வசைச் சொல்லையே பற்றிக்கொள்ளும் அருளுரையாளர் மொழியின் வறுமையைக் காரணம் காட்ட இயலாது.

இனி 2005-ஆம் ஆண்டுக்கு வருவோம். ‘போஸ்ட்கார்ட்ஸ் ஃப்ரம் பஸ்டர்’ என்னும் தொடரில் பஸ்டர் என்ற முயல் சித்திர உருவம். அது தன் தந்தையுடன் ஊர் ஊராகப் பயணம் செய்து, அங்கங்கே மெய்யான பிள்ளைகளைச் சந்தித்து, அவர்தம் வீட்டையும் ஊரையும் ஒளிப்படக் கருவியால் பதிவு செய்து நண்பர்களுக்கு அனுப்பும். மார்மன் குடும்பத்துப் பிள்ளைகளையும் பெந்தெகொஸ்தே குடும்பத்துப் பிள்ளைகளையும் அத்தொடர் காட்டியது. ‘சுகர்டைம்’ என்ற பகுதியில் முயல் வெர்மான்ட் மாநிலத்திற்குச் செல்கிறது. மேப்பிள் மரத்தின் சாற்றைச் சேர்த்துக் காய்ச்சிப் பாகு எடுப்பது அங்குள்ளோர் தொழில். பதநீர் காய்ச்சும் அடுப்பருகே வளர்ந்த நம் தென்மாவட்ட வாசகர்க்கு அக்காட்சி அந்நியமாயிராது. அங்கே முயல் சந்திக்கும் பிள்ளைகளின் இல்லத்தில் தாயர் இருவர். ஒரு சிறுமி குடும்பப் புகைப்படத்தைக் காட்டித் தன் தாயையும், தாயின் துணைவியையும் சுட்டுகிறாள். இத்தனை அம்மாக்களா என்ற பொருளில் முயல் வியக்கிறது. பின்னர்ப் பேச்சு வேறு திசையில் செல்கிறது. தன்பாலீர்ப்பு என்ற சொல்லே அப்பகுதியில் இல்லை. தாயர் பின்னணியில் நிற்பதோடு சரி.

அவ்வாண்டு சனவரியில் அமெரிக்கக் கல்வித்துறைச் செயலராகப் பதவியேற்ற மார்கரெட் ஸ்பெலிங்ஸ், பதவியேற்ற சில நாட்களுக்குள்ளாகவே பொதுத் தொலைக்காட்சி நிறுவனத்திற்கு ஒரு கண்டனக் கடிதம் விடுத்தார். இத்தகைய வாழ்க்கைமுறையைத் தம் பிள்ளைகள் காண்பதைப் பெற்றோர் பலர் விரும்பார் என்பது அவர் வாதம். இப்பகுதிக்குச் செலவிட்ட அரசுப் பணத்தைத் திருப்பித் தருவது பற்றி எண்ணிப் பார்க்குமாறும் கேட்டார். நிறுவனம் அப்பகுதியை நாடெங்குமுள்ள நிலையங்களுக்கு அனுப்பவில்லை. அதைத் தயாரித்த பாஸ்டன் நிலையம் தானே ஒளிபரப்பியது. விரும்பிய நிலையங்களுக்கும் அளித்தது. விரும்பாத நிலையங்களுள் அலபாமா மாநிலத்துப் பொதுத் தொலைக்காட்சியும் ஒன்று. அதன் பெயரை வாசகர் நினைவிற்கொள்க. மீண்டும் அதனிடம் வருவோம்.

இவ்வழக்குகளில் எல்லாம் மத்தேயு நற்செய்தியின் 18-ஆம் அதிகாரம் எடுத்தாளப்படுவதைக் காண்கிறோம். சிறியரில் ஒருவருக்கு இடறல் உண்டாக்குவோனுக்கு நேரும் கேட்டைப் பற்றி ஆண்டவர் உரைத்த கடுஞ்சொல் அங்கே உள்ளது. ‘இடறல்’ என்று நாம் பெயர்க்கும் ‘ஸ்கந்தலோன்’ என்ற கிரேக்கச் சொல், கண்ணிப் பொறியில் இரையைத் தாங்கும் கோலைக் குறித்தது. அதைத் தொட்டால் பொறி விழும். சித்திரத் தொடரே அக்கோல், அறியாப் பிள்ளையே இரை தேடிவரும் பறவை என்பது கண்டிப்போரின் விளக்கம். ஆனால் அப்பகுதி எங்ஙனம் தொடங்குகிறது? விண்ணரசில் பெரியவன் யார் என்று சீடர்கள் வினவுகின்றனர். ஆண்டவர் விடை கூறுமுன் ஒரு பிள்ளையை அழைத்து அவர்கள் நடுவே நிறுத்துகிறார். எந்தப் பிள்ளை? யாருடைய பிள்ளை? அதன் தாய் தந்தையர் எத்தகையோர்? நற்செய்தியாளர் ஒன்றும் கூறவில்லை. நடுவே நிற்கும் தகுதியைப் பெற அப்பிள்ளை எதையும் மெய்ப்பிக்க வேண்டியிருக்கவில்லை. இடறலைப் பற்றிய கடுஞ்சொல் அப்பிள்ளை நடுவே நிற்கும்போதே உரைக்கப்பட்டது.

வெர்மான்ட்டில் அன்று ஒரு பிள்ளை தன் குடும்பப் படத்தைக் கையில் ஏந்தி நின்றாள். நாட்டின் கல்வித்துறைத் தலைவர், உன் இல்லத்தை மற்றப் பிள்ளைகள் காணலாகாது என்ற பொருள்படக் கடிதம் எழுதினார். அச்சிறுமி அதை எவ்வாறு உணர்ந்தாள் என்று நாம் கற்பனை செய்யப்போவதில்லை. ஆனால் அங்கே இடறற்கோலை வைத்தவர் யார் என்ற வினாவை மத்தேயுவை வாசிக்கும் எவரும் தவிர்க்க முடியாது. பார்க்கும் பிள்ளையைப் பற்றி நூறு பேர் பேசினர். பார்க்கப்பட்ட பிள்ளையைப் பற்றிப் பேசியோர் மிகச் சிலர்.

அதே 2005 சனவரியில்தான் ‘ஸ்பான்ஜ்பாப்’ என்னும் கடற்பஞ்சு உருவத்தைப் பற்றிய சலசலப்பும் எழுந்தது. பல சித்திர உருவங்கள் கூடிப் பாடும் ஒரு படம் பள்ளிகளுக்கு அனுப்பப்படவிருந்தது. அதைப் பரப்பிய நிறுவனத்தின் நோக்கத்தை ஜேம்ஸ் டாப்சன் கண்டித்தார். ஐக்கிய கிறிஸ்து சபையின் தலைவர்களோ கிளீவ்லாந்திலுள்ள தம் தலைமையகத்திற்குக் கடற்பஞ்சைக் கனிவுடன் வரவேற்றுப் புகைப்படமும் எடுத்துக்கொண்டனர். நகைச்சுவை நன்றே. ஆயினும் ஒருவர் பொம்மையைக் கொண்டு அச்சுறுத்த, மற்றவர் பொம்மையைக் கொண்டு விளம்பரம் தேட, இரண்டிலும் பிள்ளையைக் காணோம் என்பது நம் கருத்து. அதைக் கடந்து செல்வோம்.

மறைத்தலைப் பற்றிச் சொன்னோம். மறைத்தலினும் கொடிது மாற்றுதல். சப்பானிய ஓவியர் நவோகோ தாகேயுச்சியின் ‘செய்லர் மூன்’ கதை 1992 முதல் 1997 வரை சித்திரத் தொடராக வெளிவந்தது. அதில் ஹருகா, மிச்சிரு என்னும் இளம்பெண்கள் இருவர் ஒருவரையொருவர் நேசிப்பவர்கள். 2000-ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் குரல் மாற்றி வெளியிட்டபோது பதிப்பாளர்கள் இவ்விருவரையும் ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள் ஆக்கிவிட்டனர். அதற்கு முன்னரே, 1995-இல், ஆடவன் ஒருவனை நேசித்த ஆண் பாத்திரம் ஒன்று பெண் குரல் பெற்றுப் பெண்ணாயிற்று. ஆனால் குரலை மாற்றலாமேயன்றி வரைந்த கண்களை மாற்றுவது எளிதன்று. ஹருகாவும் மிச்சிருவும் ஒருவரையொருவர் நோக்கும் நோக்கு படத்தில் அப்படியே இருந்தது; கைகோத்தலும் இருந்தது. அதைப் பார்த்த பிள்ளைகள் கண்டது, உறவு முறையாரிடையே பொருந்தாத ஏதோ ஒன்றை. ஒழுக்கத்தைக் காக்கப் புறப்பட்டவர்கள், தாம் அஞ்சியதைவிட மோசமான கதையொன்றைத் தாமே படைத்தனர். சீர்திருத்த மரபு ஒன்பதாவதாகவும் லூத்தரன் மரபு எட்டாவதாகவும் எண்ணும் கட்டளை, பொய்ச்சாட்சியை விலக்குகிறது. அக்கட்டளைக்குப் பிள்ளைகளிடம் மட்டும் விலக்கு உண்டு என்று எந்த ஞானோபதேச நூலும் கூறியதாக நாம் அறியோம். 2014 முதல் வெளிவந்த புதிய ஆங்கிலப் பதிப்பு மூலத்தின்படி திருத்தப்பட்டது. இதற்குள் முதற்பதிப்பைப் பார்த்த பிள்ளைகள் வளர்ந்து ஆளாகிவிட்டனர்.

கண்டிப்போரைப் பற்றி இவ்வளவு கூறிய நாம், பாராட்டுக்குரியன என்று முன்வைக்கப்படும் படைப்புகளையும் அதே தராசில் இடவேண்டும். பிக்சார் நிறுவனத்தின் ‘ஆன்வர்ட்’ (2020) படத்தில் காவல்துறையைச் சேர்ந்த பெண் ஒருத்தி தன் காதலியின் பிள்ளையைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் பேசுகிறாள். இதற்காக அப்படம் பெரிதும் பேசப்பட்டது. குவைத், சவூதி அரேபியா முதலிய நாடுகளில் திரையிடப்படவில்லை. இரசிய மொழிப் பதிப்பிலோ காதலி என்ற சொல்லைத் துணை என்ற பொதுச்சொல்லாக மாற்றினர், வேலை முடிந்தது. ஒரு சொல்லை மாற்றினால் மறைந்துபோகும் மாந்தரைப் படைத்துவிட்டுத் துணிவுக்குப் பாராட்டுப் பெறுவது வணிகம், கலை அன்று. ‘லைட்இயர்’ (2022) படத்தில் இரு பெண்டிர் முத்தமிடும் காட்சி முதலில் நீக்கப்பட்டு, பணியாளர்கள் எதிர்த்துக் கடிதம் எழுதிய பின்னரே மீண்டும் சேர்க்கப்பட்டது. அக்காட்சியைச் சேர்த்தபோது கதை மாறவில்லை, நீக்கியபோதும் மாறவில்லை. கத்தரிக்கோலுக்கு வசதியாகவே தைக்கப்பட்ட ஆடை இது. இத்தகைய காட்சிகளைத் திருச்சபை பேரிடராகக் கருதி அலறுவதும், மற்றவர்கள் பெரும்பேறாகக் கருதி மகிழ்வதும் ஒருங்கே நகைப்புக்கிடமானவை.

கத்தரிக்கோலால் எளிதில் வெட்டமுடியாத படைப்பு ஒன்று உண்டு. ரெபெக்கா சுகர் படைத்த ‘ஸ்டீவன் யூனிவர்ஸ்’ தொடர் 2013-இல் தொடங்கியது. ஸ்டீவன் என்னும் சிறுவனை வளர்ப்பவர்கள் வேற்றுலகிலிருந்து வந்த மணிக்கற்கள், பெண்ணுருவம் தாங்கியவர்கள். அவருள் கார்னெட் என்பவள் உறுதியும் அமைதியும் உடையவள், அதிகம் பேசாதவள். தொடர் தொடங்கி ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழிந்து, 2015 மார்ச்சில் வெளிவந்த பகுதியில்தான் உண்மை வெளிப்படுகிறது. கார்னெட் ஒருத்தி அல்லள். ரூபி, சஃபையர் என்னும் இருவர் அன்பினால் ஒன்றாகி நிற்கும் உருவமே அவள். பிள்ளைகள் அதற்குள் அவளை நேசிக்கக் கற்றுவிட்டனர். ஒரு வாக்கியத்தை நீக்கி அவளைத் திருத்த இயலாது. நீக்கினால் கார்னெட் என்பவளே இல்லை.

இவ்விருவரின் முன்கதையைக் கூறும் பகுதி 2016 சனவரியில் வெளிவந்தது. அங்கேதான் இத்தொடர் நம் வாசகர்க்கு மிக அருகில் வருகிறது. மணிக்கற்களின் உலகில் ஒவ்வொருவருக்கும் பிறப்பிலேயே தொழில் விதிக்கப்பட்டுள்ளது. ரூபி காவல் வீரர். அவளைப் போன்றோர் பலர். ஒருவர் அழிந்தால் இன்னொருவர். சஃபையரோ வருங்காலத்தை அறியும் உயர்குடி. ஒரே வகைக் கற்கள் போருக்காக ஒன்றாகலாம், அது முறை. வேறு வேறு வகையினர் ஒன்றாவது கேட்டிராத கொடுமை. ஆபத்து வேளையில் ரூபி சஃபையரைக் காக்கப் பாய்ந்தபோது இருவரும் தம்மை அறியாமலே ஒன்றாகிவிடுகின்றனர். அவைமுழுதும் அருவருத்து ஒதுங்குகிறது. ரூபியை நொறுக்கும்படி ஆணை பிறக்கிறது. இருவரும் பெண்ணுருவினர் என்பது அங்கே எவரையும் திடுக்கிடச் செய்யவில்லை. வகை கலந்தது என்பதே குற்றம். அமெரிக்கத் திறனாய்வாளர் இதைத் தன்பாலன்பின் உருவகமாகக் கொண்டனர், அது தவறன்று. ஆயினும் பிறப்பால் தொழில் விதிக்கப்பட்ட சமுதாயத்தில், கலப்பு மணம் புரிந்தோரை நொறுக்கும் அவை எத்தகையது என்பதை அறிய நமக்கு உருவக விளக்கம் தேவையில்லை. நம் கல்லறைத் தோட்டங்களின் சுவர்களே அதைச் சொல்லும்.

2018 சூலையில் ரூபிக்கும் சஃபையருக்கும் திருமணம் நடைபெறுகிறது. முரட்டு வீரராகிய ரூபி வெண்ணிற மணவுடையிலும், உயர்குடி நங்கையாகிய சஃபையர் ஆடவர் அணியும் கோட்டிலும் தோன்றுகின்றனர். இத்தொடரிடத்தும் குறை இல்லாமலில்லை. பிற்பகுதிகளில் பாத்திரங்கள் தம் உள்ளத்தைத் தாமே பகுத்தாய்ந்து உரைக்கும் உரைகள் மிகுந்து, சில இடங்களில் நாம் கதை கேட்கிறோமா, ஆற்றுப்படுத்துநர் அறையில் அமர்ந்திருக்கிறோமா என்ற ஐயம் எழுகிறது. நீண்ட அருளுரையால் அவைக்கு நேரும் சோர்வை நாம் அறிவோமாதலால் இதை அதிகாரத்தோடே கூறலாம். எனினும் இத்தொடருக்கு நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி, கத்தரிக்கோலின் மனநிலையை நன்கு காட்டும். பிரிட்டனில் ஒளிபரப்பியபோது பெண்ணுருவினர் இருவர் நெருங்கி ஆடும் நடனம் ஒன்றைக் குறைத்தனர். அதே பகுதியில் ஆணும் பெண்ணும் முத்தமிடும் காட்சியை அப்படியே விட்டனர். சிறுவர்க்குக் காதற்காட்சி ஆகாது என்பது கொள்கையாயின் நாமும் உடன்பட்டிருப்போம். கொள்கை அதுவன்று என்பது தெளிவு.

இறுதியாக ‘ஆர்தர்’. மார்க் பிரவுன் எழுதிய சிறுவர் நூல்களை அடிப்படையாகக் கொண்டு 1996 முதல் 2022 வரை நடைபெற்ற தொடர் அது. முன்னர்க் கூறிய பஸ்டர் முயல் இதில் ஆர்தரின் நண்பன். வகுப்பாசிரியர் ராட்பர்ன் ஓர் எலி; வீட்டுப்பாடத்தை அள்ளிச் சொரிபவர். 2019 மே 13-ஆம் நாள் வெளிவந்த பகுதியில் அவருக்குத் திருமணம் என்ற செய்தி பிள்ளைகளுக்கு எட்டுகிறது. ஆசிரியருக்குப் பள்ளிக்கு வெளியே ஒரு வாழ்வு உண்டு என்பதே அவர்களுக்குப் பேரதிர்ச்சி. கடுமையான பெண் ஒருத்தியுடன் அவரைக் கண்டு, இவளை மணந்தால் நம் வீட்டுப்பாடம் இருமடங்காகுமே என்று அஞ்சி, திருமணத்தைத் தடுக்க வழி தேடுகின்றனர். மண நாளன்று அப்பெண் அவருடைய சகோதரி என்று தெரியவருகிறது. அப்படியானால் மணப்பெண் யார் என்று திகைக்கும்போது, ராட்பர்ன் பாட்ரிக் என்னும் ஆடவருடன் கைகோத்து நடந்து வருகிறார். பாட்ரிக் சாக்லேட் கடை நடத்துபவர். பிள்ளைகள் ஒரு கணம் வியந்து, உடனே மகிழ்கின்றனர். சற்று நேரத்தில் ஆசிரியர் நடனமாடத் தொடங்குகிறார். அதைக் கண்டதும் அவர்கள் முகம் கோணுகிறது. ஆசிரியர்கள் செய்யத்தகாத செயல் ஒன்று உண்டாயின் அது நடனமே என்பது அவர்கள் தீர்ப்பு.

நாம் கண்டவற்றுள் இதுவே மிகச் சிறந்தது என்போம். காரணம், இதில் கருத்து எதையும் ஒருவரும் விளக்கவில்லை. ஒரு பிள்ளை எந்த உயரத்திலிருந்து உலகைக் காணுமோ அந்த உயரத்திலேயே கதை நிற்கிறது. பிள்ளைக்கு விந்தையாவது ஆசிரியர் யாரை மணந்தார் என்பதன்று. ஆசிரியரும் மனிதர் என்பதே. ஓய்வுநாட் பள்ளி நடத்தும் நம் ஆசிரியர் எவரும் இதற்குச் சான்று கூறுவர். கடைவீதியில் காய்கறி வாங்கும் நம்மைக் கண்டு வாய்பிளந்து நிற்கும் பிள்ளைகளை நாம் அறிவோமன்றோ?

அலபாமா மாநிலத்துப் பொதுத் தொலைக்காட்சி இப்பகுதியையும் ஒளிபரப்ப மறுத்தது. பெற்றோர் அருகில் இல்லாமலே பிள்ளைகள் தம் நிகழ்ச்சிகளைப் பார்க்கின்றனர், அந்நம்பிக்கையைக் குலைக்கலாகாது என்பது அந்நிலையம் கூறிய காரணம். இக்காரணத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. பிள்ளையிடம் எதை எப்போது பேசுவது என்று முடிவு செய்யும் பொறுப்பு முதற்கண் பெற்றோருடையதே. திருமுழுக்கின்போது பெற்றோரும் ஞானப் பெற்றோரும் வாக்குறுதி அளிப்பது வெறும் சடங்கன்று. ஆனால் இவ்வாதம் எல்லாப் பெற்றோரும் ஒரே வகையினர் என்று கொள்கிறது. அலபாமாவில் தாயர் இருவரோ தந்தையர் இருவரோ வளர்க்கும் பிள்ளையும் அத்தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கும்; அதன் பெற்றோரும் நம்பிக்கை வைத்தவர்களே. அன்றியும், பன்னிரண்டு, பதின்மூன்று அகவையில் தான் மற்றவரைப்போல் இல்லை என்று உணரத் தொடங்கும் பிள்ளை ஒன்று உண்டு. நம் ஆலய இருக்கைகளிலும் அது அமர்ந்திருக்கிறது, பாடற்குழுவில் பாடுகிறது, உறுதிபூசுதல் வகுப்பில் கட்டளைகளை மனப்பாடமாகச் சொல்கிறது. தன்னைப் போன்ற ஒருவரை அது இதுவரை கதையில் கண்டதில்லை; கண்டிருந்தால் கோமாளியாகவோ கொடியவனாகவோ கண்டிருக்கும். தன்னைக் குறிக்கும் சொல்லை அது முதன்முதலில் கேட்பது பெரும்பாலும் நம் பீடத்திலிருந்தே. எந்தச் சூழலில் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. வீட்டுப்பாடம் கொடுத்துப் பிள்ளைகளை வாட்டும், நடனம் ஆடத் தெரியாத, மாணவரால் நேசிக்கப்படும் ஓர் ஆசிரியரை அப்பிள்ளை கண்டால் கெட்டுவிடும் என்பதை நம்மால் ஏற்க இயலவில்லை.

அலபாமாவிலேயே, பர்மிங்ஹாம் நகரில், மெதடிஸ்டு சபை ஒன்று 2019 சூன் திங்களில் அப்பகுதியைப் பொதுமக்களுக்குத் திரையிட்டுக் காட்டியது. திருமண விருந்து போலவே கேக்கும் பரிமாறினர். இச்செய்தியைப் பாராட்டி எழுதியோர் ஒன்றைக் கவனிக்கவில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் செயின்ட் லூயி நகரில் கூடிய ஐக்கிய மெதடிஸ்டுத் திருச்சபையின் பொதுப்பேரவை, தன்பால் திருமணங்களை நடத்தும் ஆயர்களுக்கான தண்டனையைக் கடுமையாக்கியிருந்தது. சித்திர எலியின் திருமணத்தைச் சபையாருக்குக் காட்ட அச்சபையால் முடிந்தது. அதே ஊரில் அத்தகைய இருவர் வந்து தம்மை இணைத்துவைக்குமாறு கேட்டிருந்தால் அதன் ஆயர் தம் ஊழியத்தையே பணயம் வைக்கவேண்டியிருந்திருக்கும். சார்லட் நகரில் 2024-இல் கூடிய பேரவையே அத்தடையை நீக்கியது. அதற்குள் ஆயிரக்கணக்கான சபைகள் அத்திருச்சபையை விட்டுப் பிரிந்து போயிருந்தன. 2019-இல் கேக் உண்டு, ஆசிரியரின் நடனத்தைக் கண்டு சிரித்த பிள்ளைகளுக்குப் பேரவைத் தீர்மானங்கள் தெரிந்திருக்க வழியில்லை.